குழந்தை ஓடுவதற்கு எத்தனை சதுர அடி?

நம் நாக்பூர் சங்கத்து இளம் தம்பதிகளில் பலர் இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். தாத்தா, பாட்டி ஊரில். காலை 9 மணிக்குக் காப்பகம் போகும் குழந்தை மாலை 6 மணிக்குத்தான் வீடு திரும்புகிறது. காப்பகம் தேடும்போது ஏ.பி.சி.டி. சொல்லித் தருவார்களா, ஏ.சி. உண்டா, கேமரா உண்டா என்றெல்லாம் விசாரிக்கிறோம். குழந்தை எவ்வளவு நேரம் ஓடியாடும் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019ல் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் அளவுகோல் வெளியிட்டது. 1 முதல் 4 வயது வரை தினமும் 180 நிமிடமாவது உடல் அசைவு வேண்டும். 3, 4 வயதினருக்கு அதில் 60 நிமிடம் மூச்சு வாங்கும்படி ஓட்டமும் குதிப்பும். தவழத் தொடங்காத கைக்குழந்தையை, விழித்திருக்கும்போது, பல தடவையாக மொத்தம் 30 நிமிடமாவது குப்புறப் படுக்க விட வேண்டும். எந்தக் குழந்தையையும் நாற்காலியிலோ தள்ளுவண்டியிலோ ஒரேயடியாக 1 மணி நேரத்துக்கு மேல் கட்டிப் போடக் கூடாது. 2 வயது வரை டி.வி., செல்போன் கூடவே கூடாது.

ஒரு சின்னக் கணக்கு. 3 வயதுக் குழந்தை காலை 7 மணிக்கு எழுந்து இரவு 9 மணிக்குத் தூங்குகிறது. காப்பகத்தின் 9 மணி நேரம் போனால் வீட்டில் மிஞ்சுவது 5 மணி நேரம். குளியல், சாப்பாடு, ஸ்கூட்டர் பயணம் எல்லாம் போக 1 மணி நேரம் விளையாடினால் அதிகம். மீதி 2 மணி நேரம் காப்பகத்தில்தான் கிடைத்தாக வேண்டும்.

அங்கே இடம் இருக்கிறதா? 50 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் காப்பகம் வேண்டும் என்று 2017ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்காக 2018ல் மத்திய அரசு தந்த நெறிமுறை, குழந்தை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி என்கிறது. ரயில்வேக்காரனுக்கு உடனே பெட்டிக் கணக்குதான் நினைவுக்கு வரும். பெரம்பூரில் செய்த பழைய ஸ்லீப்பர் பெட்டி சுமார் 70 அடி நீளம், பத்தரை அடி அகலம், 72 படுக்கை. வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 10 சதுர அடி! படுத்துக்கொண்டு போகும் பிரயாணிக்கும் ஓட வேண்டிய குழந்தைக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆஸ்திரேலிய விதிகளில் உள்ளே 3.25 சதுர மீட்டர், வெளியே தனியாக 7 சதுர மீட்டர். அதாவது 35 சதுர அடியும் 75 சதுர அடியும்.

அவ்வளவு இடம் நம் நகரங்களில் கிடைக்காதுதான். ஆனால் மேசை நாற்காலிகளை மடக்கிச் சுவரோரம் வைத்தாலே பாதி அறை காலியாகும். ஒரு பாதிக் குழந்தைகள் சாப்பிடும்போது மறு பாதி விளையாடலாம். சேர்க்கும் முன் காலை 11 மணி வாக்கில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எத்தனை குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மே மாதத்தில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். 45 டிகிரி வெயிலில் வெளியே விட முடியாது. வந்தவுடன் நிழலில் அரை மணி, பிறகு உள்ளே மெத்தையில் உருளுவது, கல்லா மண்ணா என்று ஏதாவது ஏற்பாடு இருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மழைக்கும் அதுவே போதும்.