மேகநோயும் காது கேளாமையும்

காது கேளாமை என்றவுடன் முதுமையும், காதில் வடியும் சீழுமே நம் நினைவிற்கு வருகின்றன. சீழும் வலியும் இன்றியே செவியைக் கெடுக்கும் நோய் ஒன்று உண்டு. அதுவே மேகநோய் என்றும் கிரந்தி என்றும் மக்கள் கூறும் சிபிலிஸ். கொல்லிமலையில் பணியாற்றும் நாம் இதனை அறிந்திருத்தல் அவசியம். இந்நோய் இங்கு மிகுதி என்பதனால் அன்று. காரவள்ளியினின்று 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றுவரும் மலையில் சிகிச்சை எளிதில் தாமதமாகிவிடும் என்பதனாலேயே.

1905-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இந்நோய்க் கிருமி உடலுறவின் வழியே தொற்றுகிறது. முதலில் வலியற்ற புண் ஒன்று தோன்றிச் சில வாரங்களில் தானே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றி, அவையும் மறையும். நோய் நீங்கிற்று என மக்கள் எண்ணுவர். கிருமியோ உடலிலேயே தங்கி, உட்செவியையும் செவி நரம்பையும் தாக்கக்கூடும். அப்பொழுது காதில் இரைச்சலும் தலைசுற்றலும் உண்டாகி, சில நாட்களிலோ வாரங்களிலோ செவிப்புலன் குன்றும். இதற்குக் காதில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. இரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவமனையில் 10 முதல் 14 நாட்கள் பென்சிலின் ஊசி மருந்து பெறுதல் வேண்டும். காலத்தே பெற்றால் செவிப்புலன் மீளக்கூடும். நாட்பட்டால் மீள்வது அரிது.

இதனினும் வருந்தத்தக்கது குழந்தையின் நிலை. சிகிச்சை பெறாத தாயின் கருவிலிருக்கும் சிசுவையும் இக்கிருமி பற்றும். பிறக்கும்பொழுது நலமாகத் தோன்றும் குழந்தைக்கும் பள்ளிப் பருவத்தில் இரு செவிகளும் மங்கக்கூடும். முன்பற்களின் விளிம்பில் பிளவு, கருவிழி அழற்சி, செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள் என்று இலண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தார். செவி கேளாத சிறுவனை மந்தபுத்தி உடையவன் என்று ஒதுக்குவது எத்துணை அநீதி!

இதனைத் தடுப்பது எளிது. கருவுற்ற முதல் மூன்று மாதங்களுக்குள் தாய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். விரல்நுனிக் குருதியைக் கொண்டு விரைவில் முடிவு கூறும் சோதனையும் இன்று உண்டு. நோய் காணப்பட்டால், பிரசவத்திற்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன்னரே பென்சிலின் பெறத் தொடங்குதல் குழந்தையைக் காக்கும். கணவரும் சோதித்துக்கொள்ளல் வேண்டும்; இன்றேல் நோய் மீண்டும் தொற்றும்.

ஊராட்சி உறுப்பினர்களும் மகளிர் குழுவினரும் கருவுற்ற தாய்மார்களைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் தாமதமின்றி அனுப்புவார்களாக. ஆசிரியர்கள், பாடம் கேளாது விழிக்கும் பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் அதன் செவியைச் சோதிக்கச் செய்வார்களாக. நோயுற்றவரைப் பழித்தால் அவர் நோயை மறைப்பார். மறைத்த நோய் குழந்தையின் செவியைச் சென்று சேரும்.