ஜப்பானில் ஆங்கில ஆசிரியை வேலை: பெங்களூரு ஏஜென்டுக்கு எதற்கு நாலரை லட்சம்?

கேள்வி: ஓசூரில் தனியார் மெட்ரிக் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். வயது 28. ஐந்தாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ் வழி, ஆறு முதல் பிளஸ் டூ வரை ஆங்கில வழி. தினமும் ரயிலில் போய்வந்து பெங்களூரில் மூன்றாண்டு பி.ஏ. ஆங்கிலம் முடித்தேன். பிறகு கிருஷ்ணகிரி பக்கம் இரண்டாண்டு பி.எட். ஜப்பான் போய் ஆங்கிலம் கற்பிக்க ஆசை. பெங்களூரில் ஒரு கன்சல்டன்சி நாலரை லட்சம் கேட்டது. முன்பணமாக 80,000 ரூபாய் ஜிபே-யில் அனுப்பிவிட்டேன். இப்போது, "நீங்கள் தொடக்கப் பள்ளியில் தமிழ் மீடியம், ஆசிரியர் விசா கிடைக்காது, மாணவர் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் பதில் இல்லை. பள்ளியிலோ இரண்டு வருட பாண்ட் எழுதி வாங்கி, ஒரிஜினல் சான்றிதழ்களையும் வைத்திருக்கிறார்கள். 14 மாதம் வேலை பார்த்துவிட்டேன். மீதியை முடிக்காமல் போனால் ஒரு லட்சம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஓசூர்

பதில்: முதலில் உங்கள் தகுதியைப் பார்ப்போம். ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துத்தான் உங்களைப் பயமுறுத்துகிறார்.

ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க வருபவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகை விசா. அரசுப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக, அதாவது ஏ.எல்.டி.யாக, வேலை பார்க்க 'இன்ஸ்ட்ரக்டர்' வகை. தனியார் ஆங்கிலப் பயிற்சி நிறுவனங்களில் கற்பிக்க 'ஹ்யூமானிட்டீஸ் - இன்டர்நேஷனல் சர்வீசஸ்' வகை. இரண்டுக்கும் பட்டம் இருந்தால் போதும் என்பதுதான் பொதுவான நிலை. அதே வேலை பார்க்கும் ஜப்பானியருக்குக் குறையாத சம்பளம் தர வேண்டும் என்ற நிபந்தனையும் இரண்டிலும் உண்டு.

முதல் வகைக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி இருக்கிறது. எந்த மொழியைக் கற்பிக்கிறீர்களோ அந்த மொழி வழியில் 12 ஆண்டுகளுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். ஏஜென்ட் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் விதி '12 ஆண்டுக் கல்வி' என்கிறதே தவிர, அந்த 12-ம் பள்ளிக்கூடத்திலேயே முடிந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. உங்கள் கணக்கைப் போடுங்கள். ஆறு முதல் பிளஸ் டூ வரை ஏழு ஆண்டு, பி.ஏ. மூன்று, பி.எட். இரண்டு. மொத்தம் பன்னிரண்டு. பி.எட். ஆங்கில வழிதான் என்றால் உங்களுக்கு இந்த விதி தடையில்லை என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. முடிவெடுப்பது ஜப்பானியக் குடிநுழைவு அலுவலகம். அதனால் வாய்வார்த்தை போதாது; பள்ளி, கல்லூரி ஒவ்வொன்றிலிருந்தும் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்த வழியில் படித்தீர்கள் என்று தலைமையாசிரியர் அல்லது முதல்வர் கையெழுத்திட்ட போனஃபைட் சான்று வாங்கி வையுங்கள். தெலுங்கு வழியும் கன்னட வழியும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும் ஓசூர் வட்டாரத்தில் இந்தச் சான்று எல்லோருக்குமே முக்கியம். இரண்டாம் வகை விசாவுக்கு இந்த 12 ஆண்டு விதியே கிடையாது. அதை ஏஜென்ட் உங்களிடம் சொல்லவில்லை.

'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று சில நிறுவனங்கள் விளம்பரம் செய்வது உண்மைதான். அது அந்த முதலாளியின் விருப்பம், விசா சட்டம் அல்ல.

வேலை விசா எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தால் நாலரை லட்சம் எதற்கு என்ற கேள்வி தானாகவே எழும். உங்களை வேலைக்கு எடுக்கும் ஜப்பானிய நிறுவனம்தான் அங்குள்ள குடிநுழைவு அலுவலகத்தில் விண்ணப்பித்து சி.ஓ.இ. என்னும் தகுதிச் சான்றிதழைப் பெற வேண்டும். அது வந்த மூன்று மாதத்துக்குள் நீங்கள் விசா வாங்கி அந்நாட்டில் இறங்க வேண்டும். சி.ஓ.இ.க்கு முன்னால் வேலை ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு முன்னால் நேர்முகத் தேர்வு. இந்த மூன்றும் இல்லாமல் "விசா எடுத்துத் தருகிறேன்" என்பவரிடம் விற்க எதுவும் இல்லை. 1987 முதல் நடக்கும் ஜப்பான் அரசின் ஜெட் (ஜப்பான் எக்ஸ்சேஞ்ச் அண்ட் டீச்சிங்) திட்டத்துக்கும் ஏஜென்ட் தேவையில்லை. இந்தியாவிலிருந்து எந்தப் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதை டெல்லி ஜப்பான் தூதரகத்தில் நேரடியாகக் கேளுங்கள்.

மாணவர் விசா யோசனையை இன்றே விட்டுவிடுங்கள். மொழிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டிப் போகும் மாணவர், தனி அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்யலாம், அவ்வளவே. அதை மீறி முழுநேர வேலை பார்த்துப் பிடிபட்டால் நாடு கடத்துவார்கள். பொதுவாக ஐந்து ஆண்டுகளுக்கு உள்ளே விடமாட்டார்கள். ஏஜென்டுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இனி 80,000 ரூபாய். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ம் ஆண்டு குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. அப்படிப் பதிவு பெற்றவரே வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், அதற்கும் ரசீது தர வேண்டும். அந்தச் சட்டத்தில் 'வேலை' என்பதற்குத் தந்திருக்கும் விளக்கத்தில் ஆசிரியர் பணி வராது என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதிட இடமுண்டு. ஆகவே புகார் கொடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

வலுவான வழிகள் வேறு இரண்டு. ஒன்று, பாரதிய நியாய சன்ஹிதா 318-ம் பிரிவின் கீழ் மோசடிப் புகார். ஏஜென்ட் எல்லையோர அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், கர்நாடகா போலீசிடம் போங்கள் என்று ஓசூர் போலீஸ் உங்களை அலைக்கழிக்க முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ம் பிரிவு. தொலைத்தொடர்பு வழியாக ஏமாற்றினால், செய்தி வந்து சேர்ந்த இடத்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்கிறது அதன் 202-ம் பிரிவு. வாட்ஸ்அப் செய்திகள் ஓசூரில்தானே வந்து சேர்ந்தன?

இரண்டாவது, நுகர்வோர் வழக்கு. என் கட்சிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். 2019-ம் ஆண்டுச் சட்டம், புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமே இல்லை. ஜிபே ரசீது, வங்கிக் கணக்கு விவரம், உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள். போனையும் மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்தோடு புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ம் பிரிவுச் சான்றும் தர வேண்டியிருக்கும்.

பள்ளி விஷயத்தில் பாண்டையும் சான்றிதழையும் பிரித்துப் பாருங்கள். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது நிர்வாகங்களின் பழைய தந்திரம். பாண்ட் என்றாலே செல்லாது என்று ஊரில் சொல்வதை நம்பாதீர்கள். குறைந்தபட்சப் பணிக்கால நிபந்தனையும் இரண்டு லட்ச ரூபாய் இழப்பீடும் செல்லும் என்று விஜயா வங்கி வழக்கில் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது. அது பொதுத்துறை வங்கி. போட்டித் தேர்வு நடத்தி ஆள் எடுக்கும் செலவு அங்கே கணக்கில் வந்தது. உங்கள் பள்ளி உங்களுக்காக என்ன செலவு செய்தது? ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி ஒரு லட்சம் என்பது உச்சவரம்பு. நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கேட்க முடியாது. 14 மாதம் வேலை பார்த்ததும் உங்களுக்குச் சாதகம். பேசி ஒரு சிறு தொகையில் முடிப்பதே என் யோசனை. ஜப்பான் போகிறவர் பின்னால் ஒரு சிவில் வழக்கை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

சான்றிதழ் வேறு கதை. அது அடகுப் பொருள் அல்ல, பிடித்து வைக்க முடியாது என்பதில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நிலை தெளிவு. ராஜினாமாவையும் சான்றிதழ் கோரிக்கையையும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) புகார், பிறகு ஓசூர் நீதிமன்றத்தில் உத்தரவு கேட்டு வழக்கு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

எல்லையோரத்துக்காரர்கள் தவறவிடும் சில விஷயங்கள். பெங்களூரு 40 கிலோமீட்டர்தான் என்றாலும் தமிழ்நாட்டில் வசிப்பவருக்கு விசா எல்லை சென்னை ஜப்பான் தூதரக அலுவலகம். சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் காட்டுவதற்கான அரசு முத்திரை) கேட்டால் பி.ஏ. பட்டத்துக்குக் கர்நாடகத்திலும் பி.எட்.டுக்குத் தமிழ்நாட்டிலும் தனித்தனியே சரிபார்ப்பு வாங்க வேண்டும். கேட்காமலே செலவு செய்யாதீர்கள். பலருக்குப் பட்டத்தின் நகலே போதும். பட்டத்தில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால், இருவரும் ஒருவரே என்ற அஃபிடவிட்டை இப்போதே தயார் செய்யுங்கள்.

ஜப்பானிய ஒப்பந்தம் வந்ததும் ஒன்றைத் தேடுங்கள்: பாதியில் விலகினால் இவ்வளவு அபராதம் என்ற வரி. அந்நாட்டுத் தொழிலாளர் தரச் சட்டத்தின் 16-ம் பிரிவு அப்படி முன்கூட்டியே தொகை குறிப்பதைத் தடை செய்கிறது. அந்த வரியோடு வரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏஜென்டுக்கு வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும். நுகர்வோர் வழக்குக்குக் கெடு இரண்டே ஆண்டுகள்.