வெட்டிவிட்டு வந்துவிட்டால் போதாது

புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் ஐயனார் கோயில் உண்டு. கோயிலைச் சுற்றிக் காடும் உண்டு. சில ஊர்களில் நாலைந்து மரங்களோடு சரி. சில ஊர்களில் இன்னும் ஏக்கர் கணக்கில் நிற்கிறது. வீரை, காசா, உலக்கைப் பாலை, குருந்து, நாவல் என்று கோடையிலும் பச்சை மாறாத மரங்கள். சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு காலத்தில் பரந்து கிடந்த உலர் பசுமைமாறாக் காட்டில் மிஞ்சிய துண்டுகள் இவை.

சாமிக்குப் பயந்து மனிதர்கள் தொடாமல் விட்ட இந்தக் காடுகளுக்குள் உண்ணிச்செடி புகுந்துவிட்டது. ஓரங்களைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொண்டது. அப்படியொரு கோயில்காட்டில் சில ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் களையெடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், திருச்சியிலிருந்து பைக்கில் வரும் ஐ.டி. பிள்ளைகள், உள்ளூர்க்காரர்கள் என்று கலவையான கூட்டம் எங்களுடையது. இதே வேலையைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்களுக்காக, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

அரிவாளுக்கு முன் அனுமதி

முதல் வேலை, நிலம் யாருடையது என்று பார்ப்பது. கோயில்காடு அறநிலையத்துறையுடையதாக இருக்கலாம், புறம்போக்காகவும் இருக்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் உள்ளே காலே வைக்கக் கூடாது. அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு 2022-இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. மனு கொடுக்கும்போது அதைக் குறிப்பிடுங்கள், பேச்சு சுலபமாகும்.

அடுத்தது ஊர் அனுமதி. காகிதத்தைவிட இதுதான் பெரிது. ஐயனார் காட்டில் குச்சி ஒடித்தாலே குத்தம் என்று வளர்ந்தவர்களிடம் போய் ‘வெட்ட வருகிறோம்’ என்றால் எப்படி ஒத்துக்கொள்வார்கள்? உண்ணிச்செடி வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்தது, 1809-இல் அழகுச்செடியாகக் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டது என்றெல்லாம் நாங்கள் விளக்கினோம். பூசாரி அசையவில்லை. கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அப்பாயிதான் வழக்கைத் தீர்த்துவைத்தார்: “நான் வாக்கப்பட்டு வந்தப்ப இந்த முள்ளு ஏதுடா இங்க? ஐயனாரு வச்சதயா வெட்டணுங்கிறாக? தானா வந்து குந்துனதத்தான கேக்குறாக!” பிறகு பூக்கட்டிப் பார்த்தார்கள். உத்தரவு கிடைத்தது. கோயிலை ஒட்டிய பகுதிக்குள் செருப்புக் கால் கூடாது என்று நிபந்தனை. அந்த இடத்தை உள்ளூர் ஆட்களிடமே விட்டுவிட்டோம். ஊர் வயதானவர்களின் ஞாபகத்தை முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். எந்தச் செடி எப்போது வந்தது என்பதற்கு அவர்களைவிட நல்ல பதிவேடு கிடையாது.

காக்க வேண்டியதை முதலில் காட்டுங்கள்

புதிதாக வருபவர் கையில் உடனே அரிவாளைக் கொடுக்காதீர்கள். உண்ணிச்செடியை அடையாளம் காட்டுவது கடினமில்லை. நாலு மூலை வைத்த தண்டு, அதில் கொக்கி முள், தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும் இலை, கசக்கினால் காட்டமான நெடி. ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். அந்தப் புதருக்குள் ஒளிந்திருக்கும் கன்றுகளைக் கண்டுபிடிக்கத்தான் கண் பழக வேண்டும்.

நாங்கள் ஒவ்வொரு புதரையும் முதலில் கவைக்கம்பால் தூக்கிப்பிடித்து, குனிந்து அடியில் பார்ப்போம். வெளிச்சம் தேடி நெட்டையாக, பென்சில் பருமனில், உச்சியில் மட்டும் நாலு இலையோடு ஒரு கன்று நிற்கும். இலை நுனியைக் கிள்ளி முகர்ந்தால் எலுமிச்சை வாசம் வரும்: குருந்து. பக்கத்திலேயே எதிரெதிர் இலைகளோடு காசா நிற்கும். வளர்ந்து பூக்கும் பருவத்தில் கிளையை ஒட்டியே நீலப்பூ கொத்துக் கொத்தாக அப்பியிருக்கும் மரம் அது. இப்படிக் கிடைக்கும் கன்றுகளுக்கெல்லாம் சிவப்புத் துணி கட்டுவோம். துணி கட்டி முடித்த பிறகுதான் வெட்டு. நல்ல செடிகளில் குறைந்தது மூன்றையாவது சொந்தமாகக் கண்டுபிடித்துக் காட்டியவருக்கே அரிவாள் என்பது எங்கள் வழக்கம்.

நல்ல இடத்திலிருந்து தொடங்குங்கள்

அடர்ந்த புதரைப் பார்த்ததும் அங்கே பாயத்தான் கை பரபரக்கும். அப்படிச் செய்யாதீர்கள். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், மோஸ்மன் பகுதியைச் சேர்ந்த ஜோன், ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் 1960களில் தங்கள் வீட்டருகே இருந்த காட்டில் களையெடுத்து, ஒரு முறையை வகுத்தார்கள். அங்கேயும் உண்ணிச்செடி பெரிய தொல்லைதான். அவர்கள் சொன்னவை மூன்று: களை குறைவான நல்ல பகுதியில் தொடங்கி மோசமான பகுதியை நோக்கி நகர வேண்டும், மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது, காட்டுச் செடிகள் எந்த வேகத்தில் திரும்பி வளர்கின்றனவோ அந்த வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

எங்கள் காட்டில் இது கண்கூடாகத் தெரிந்தது. மரநிழல் இருக்கும் இடத்தில் ஒன்றிரண்டு உண்ணிகளைப் பிடுங்கினால், அந்த இடத்தைப் பக்கத்து மரங்களின் கன்றுகளே நிரப்பிக்கொள்கின்றன. வெயிலடிக்கும் ஓரத்தில் பெரிய புதரை ஒரேயடியாக எடுத்தால், அடுத்த மழைக்கு அங்கே பார்த்தீனியம் முளைக்கிறது. அதனால்தான் கோயில்காட்டுக்குள் ஜேசிபியை நாங்கள் விடுவதில்லை. வேரோடு பிடுங்குவது வேகமான வேலைதான். ஆனால் நல்ல மரத்தின் வேரும் அறுபடும், மண் புரளும், புதைந்து கிடந்த விதையெல்லாம் மேலே வரும்.

எங்கே வெட்டுவது

தரைக்கு மேலே வெட்டப்பட்ட உண்ணிச்செடி, கவாத்து செய்த செடிபோல் முன்னைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சி.ஆர்.பாபுவும் அவர் குழுவினரும் கார்பெட் புலிகள் காப்பகத்தில் சோதித்துச் சொன்ன வழி எளிது. தூரைச் சுற்றி மண்ணை லேசாக விலக்கி, மண்மட்டத்துக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே, தண்டும் வேரும் சந்திக்கும் துளிர்ப்பகுதிக்கு அடியில் ஆணிவேரை வெட்ட வேண்டும். பிறகு புதரை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து, வேர் வெயிலில் காயும்படி போட வேண்டும். ஈர மண்ணில் தண்டு பட்டால் அங்கேயே வேர் பிடிக்கும் சாதி அது. ஒருவர் கவைக்கம்பால் புதரைத் தள்ளிப்பிடிக்க, இன்னொருவர் குனிந்து வெட்டுவதுதான் வசதி. தனியாள் வேலைக்கு இது தோதுப்படாது.

சீமைக்கருவேலம் இன்னும் முரடு. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையடுத்துத் தென்மாவட்டங்களில் அதை ஊர் ஊராக வெட்டித் தள்ளினார்கள். தூரை விட்டுவிட்டு மேலே மட்டும் வெட்டிய இடங்களில் இன்று போய்ப் பாருங்கள், ஒரு கட்டைக்குப் பத்துக் கிளை நிற்கும். கன்றாக இருக்கும்போதே கடப்பாரை போட்டு நெம்பி எடுப்பதுதான் நல்லது. பெரிய மரமானால் தூரைத் தோண்டி எடுக்க வேண்டும். இன்னொன்று: அந்த விறகை நம்பி அடுப்பெரிக்கும் வீடுகள் ஊரில் இருக்கும்; கரிமூட்டம் போடுபவர்களும் இருப்பார்கள். அவர்களிடம் பேசி, விறகை அவர்களுக்கே கொடுத்து, பகுதி பகுதியாக எடுங்கள். இல்லையென்றால் அடுத்த வாரமே ஊர் உங்களுக்கு எதிராகத் திரும்பிவிடும்.

காலமும் காவலும்

பெரிய புதர்களை ஆடி, ஆவணியில் பெய்யும் மழைக்குப் பிறகு, காய் பழுக்கும் முன் எடுத்துவிட வேண்டும். பழம் கறுத்துவிட்டால் சின்னானும் மைனாவும் தின்று விதையை நாலா பக்கமும் கொண்டுபோய்விடும். நாற்றுகளைப் பிடுங்க ஏற்ற மாதங்கள் கார்த்திகையும் மார்கழியும். நனைந்த மண்ணில் இரண்டு விரலால் இழுத்தாலே வேரோடு வரும். வெட்டும் முன் புதரில் பறவைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். குஞ்சு இருந்தால் அந்தப் புதரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

ரப்பர் செருப்போடு வருபவரைத் திருப்பி அனுப்புங்கள். கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். கனத்த ஷூ, முழுக்கை, தோல் கையுறை கட்டாயம். புதரைத் தொடும் முன் கம்பால் தட்டுங்கள். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் சருகுக்குள் கிடக்கும், குளவிக்கூடு தொங்கும். பாம்புக்கடி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எந்த வண்டி என்பதைக் காலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள். களைத்த கையிலிருந்துதான் அரிவாள் நழுவும்.

வெட்டியதைக் காட்டுக்குள் கொளுத்தாதீர்கள். காய்ந்த தண்டு வேலிக்கு ஆகும். நீலகிரிப் பக்கத்துப் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணித் தண்டிலேயே நிஜ யானை அளவில் செய்த சிற்பங்கள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. எங்களுக்கு அந்தக் கைவண்ணம் இல்லை; ஆடுமாடு நுழையாமல் தடுக்க ஓரத்தில் அடுக்குகிறோம்.

நடுவதற்கு அவசரம் வேண்டாம்

இடம் காலியானதும் “ஏதாவது நடலாமே” என்று யாராவது கேட்பார்கள். மரக்கன்று தர ஆளும் கிடைப்பார்கள். ஒரு மழைக்காலம் பொறுங்கள். மண்ணில் கிடந்த விதைகளும் பழைய தூர்களும் என்ன செய்கின்றன என்று பாருங்கள். எதுவுமே வராத இடத்தில் மட்டும், அதே காட்டில் பொறுக்கிய விதையிலிருந்து வளர்த்த கன்றை நடலாம்.

வெட்டும் அளவு எது

உண்ணி விதை மண்ணில் சில ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கருவேல விதையின் ஆயுள் இன்னும் கூடுதல். ஆகவே வெட்டியது முதல் தவணைதான். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அதே இடத்துக்குப் போய் நாற்றுகளைப் பிடுங்க வேண்டும். பறவைகள் வழக்கமாக உட்காரும் மரங்களின் அடியில் தவறாமல் பார்க்க வேண்டும். புதிய விதை விழும் இடம் அதுதான். இந்த வேலையில் படம் பிடித்துப் போட எதுவும் கிடைக்காது. மலைபோல் குவித்த புதருக்கு முன் நின்று எடுத்த படத்தைப் பார்த்து நூறு பேர் வரலாம். நாற்றுப் பிடுங்கப் பத்துப் பேர் வருவார்கள். அந்தப் பத்துப் பேரை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அதனால் தொடங்கும் முன் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அடுத்த மூன்று மழைக்காலமும் வரப்போகிறவர்கள் யார் யார்? கை தூக்கியவர்கள் ஒரு காலைப்பொழுதில் முழுதாகச் சுற்றிவந்து நாற்றெடுக்கக்கூடிய இடம் எவ்வளவோ, அவ்வளவுக்கு மட்டும் கயிறு கட்டுங்கள். கயிற்றுக்கு வெளியே எவ்வளவு உண்ணி இருந்தாலும் இந்த ஆண்டு அதைத் தொடாதீர்கள். உள்ளே துணி கட்டிய கன்றுகளை எண்ணி ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கை கூடியிருந்தால் கயிற்றை நாலடி தள்ளிக் கட்டலாம்.