கட்டளைக்கு ஒரு சுருக்கப் பெயர்

பால்மரங்கள் நிறைந்திருந்த சிங்கப்பூரின் ஆங் மோ கியோ வட்டாரம், 1973ஆம் ஆண்டு முதல் புதுநகராக உருப்பெற்றது. 1992இல் நிறுவப்பெற்ற நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரி இன்று அங்கே கணினிக் கல்வியும் அளிக்கின்றது. அத்துறையை நாடும் நம் பிள்ளைகளுக்கு உதவும் சிறு பாடம் ஒன்றைக் காண்போம்.

கணினிக்கு இடும் கட்டளைத் தொகுப்பே நிரலாகும். அதனை இன்று இணைய உலாவியிலேயே எழுதலாம். எழுதும் செயலி, தொலைவிலுள்ள கணினியில் ‘கொள்கலன்’ எனும் தனியறை போன்ற அமைப்பில் இயங்கும். ஆதலால் வீட்டில் எளிய கணினியே போதும்.

அடிக்கடி இடும் கட்டளையை முழுமையாகத் தட்டச்சு செய்வது வீண் உழைப்பு. ‘ஏலியஸ்’ எனும் கட்டளையால் அதற்கு ஈரெழுத்துப் பெயர் சூட்டலாம். மேல் அம்பு விசை முந்திய கட்டளையை மீட்டுத் தரும். டேப் விசை பாதிப் பெயரை நிறைவு செய்யும். கன்ட்ரோல், டபிள்யூ விசைகளில் கவனம் தேவை. கட்டளைத் திரையில் அவை ஒரு சொல்லை அழிக்கும். உலாவியிலோ பக்கத்தையே மூடிவிடக்கூடும்.

மங்கில் வடிந்த பாலை உரிய வேளையில் வாளியில் சேர்க்காவிடில் மழை கெடுத்துவிடும். அவ்வாறே, கொள்கலனை நீக்கினால் அதனுள் மட்டும் இருந்த சுருக்கப் பெயர்களும் நிரல்களும் அழியும். அவற்றைக் கொள்கலனுக்கு வெளியேயுள்ள நிலையான சேமிப்பிடத்தில் கோப்பாக வைக்கப் பிள்ளைகளைப் பழக்குவோமாக.