சோதிக்காத முதலாளியைச் சோதியுங்கள்

வாட்ஸ்அப்பில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. "வணக்கம், நான் எச்.ஆர். பேசுகிறேன். வீட்டிலிருந்தே பார்ட் டைம் வேலை. தினமும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை. அனுபவம் தேவையில்லை." படிப்பை முடித்து மாதக்கணக்கில் வேலை தேடுகிறவருக்கு இதைப் படித்ததும் மனசு லேசாகும். அது தப்பில்லை. ஆனால் பதில் போடுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: உங்களுக்கு என்ன வேலை தெரியும் என்று இவர் ஏன் கேட்கவே இல்லை?

நிஜமான முதலாளிக்கு உங்கள் மேல் சந்தேகம் இருக்கும். வேலை தெரியுமா, சொன்ன நேரத்தில் முடிப்பீர்களா என்று துருவிப் பார்க்காமல் சம்பளப் பேச்சை எடுக்கமாட்டார். மோசடிக்காரருக்குத் தெரிய வேண்டியதோ, உங்களால் எவ்வளவு பணம் புரட்ட முடியும் என்பதுதான். அதனால்தான் அங்கே இன்டர்வியூ இருக்காது. இருந்தாலும் டெலிகிராம் சாட்டில் பத்து நிமிடத்தில் முடிந்து, "நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள்" என்று வந்துவிடும்.

முதலில் பணம் வரும்

இன்று அதிகம் நடப்பது 'டாஸ்க்' மோசடி. யூடியூப் வீடியோ மூன்றுக்கு லைக் போடச் சொல்வார்கள், அல்லது கூகுள் மேப்பில் ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கச் சொல்வார்கள். உங்கள் கணக்கில் 150 ரூபாய் நிஜமாகவே ஏறும். அதைச் சம்பளம் என்று நினைக்காதீர்கள். தூண்டிலில் கோத்த புழு அது.

அடுத்து ஒரு டெலிகிராம் குரூப். அங்கே ஆளாளுக்கு, "இன்று 8,000 எடுத்தேன்" என்று ஸ்கிரீன்ஷாட் போடுவார்கள். பெரும்பாலும் அவர்கள் எல்லாருமே அந்தக் கும்பலின் ஆட்கள். பிறகு 'பிரீபெய்டு டாஸ்க்': 1,000 கட்டினால் 1,300 திரும்பி வரும். வரவும் செய்யும். அடுத்தது 5,000, அதற்கடுத்து 30,000. இப்போது அவர்களுடைய இணையதளத்தில் உங்கள் பெயருக்கு நேரே லட்சக்கணக்கில் பணம் தெரியும். எடுக்க மட்டும் முடியாது. "டாஸ்க்கைத் தப்பாகச் செய்துவிட்டீர்கள்", "கிரெடிட் ஸ்கோர் குறைந்துவிட்டது", "வரி கட்டினால்தான் ரிலீஸ் ஆகும்" என்று ஒவ்வொரு காரணத்துக்கும் இன்னொரு தொகை கேட்பார்கள். போட்டதை மீட்கத்தான் மேலும் மேலும் போடுகிறோம். நகை அடகுக்குப் போவதும் இந்தக் கட்டத்தில்தான். 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி, இப்படிப்பட்ட பகுதிநேர வேலை, முதலீட்டு மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. புதிய பெயர்களில் அவை முளைத்துக்கொண்டே இருக்கின்றன.

கையெழுத்து வாங்கி மிரட்டுவது

டேட்டா என்ட்ரி வேலை என்று ஒரு 'அக்ரிமென்ட்' அனுப்புவார்கள். மங்கலான படங்களைப் பார்த்து நூற்றுக்கணக்கான படிவங்களை ஒரு வாரத்துக்குள் தட்டச்சு செய்ய வேண்டும். 90 சதவீதம் சரியாக இருந்தால்தான் பணம். முடித்துக் கொடுத்ததும், "நீங்கள் தேறவில்லை" என்பார்கள். அத்துடன் விடாமல், ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லி 'வக்கீல் நோட்டீஸ்' ஒன்று, "பணம் கட்டாவிட்டால் கேஸ்" என்று போன் மேல் போன்.

பயந்து பணம் கட்டாதீர்கள். வக்கீல் நோட்டீஸ் என்பது தீர்ப்பு அல்ல. டைப்பிங்கில் பிழை விட்டதற்காகப் போலீஸ் யாரையும் கைது செய்யாது. இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இந்த உதவி கிடைக்கும்.

இன்னும் ஆபத்தானது ஒன்று உண்டு: "உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வரும், கமிஷனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்புங்கள்." அது வேறொருவரிடம் திருடிய பணமாக இருக்கும். கணக்கு முடங்கும், விசாரணை உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

பத்து நிமிடச் சோதனை

1. கம்பெனி பெயரை கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் 21 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடு உண்டு.

2. பெயர் இருந்தால் மட்டும் போதாது. நல்ல கம்பெனியின் பெயரைத் திருடித்தான் பலர் வருகிறார்கள். அந்தக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் இந்த வேலை அறிவிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். அங்குள்ள எண்ணில் அழைத்துக் கேளுங்கள். செய்தியில் வந்த எண்ணை இதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. மெயில் முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெரிய கம்பெனியின் ஆஃபர் லெட்டர் ஜிமெயிலிலிருந்து வராது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது வேறு முகவரி.

4. வீடியோ காலில் பேசக் கேளுங்கள். உங்கள் மேலதிகாரி யார், சம்பளம் எந்தத் தேதியில், எப்படி வரும் என்று கேளுங்கள். நிஜமான இடத்தில் இதற்கெல்லாம் நேரடியாகப் பதில் கிடைக்கும்.

5. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் என எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்ற கம்பெனிகள், வேலைக்காக யாரிடமும் பணம் வாங்குவதில்லை என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கின்றன.

6. ஓ.டி.பி.யையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் யாருக்கும் தராதீர்கள். பணம் பெறுவதற்கு பின் எண் தேவையே இல்லை. ஆதார், பான் நகல்களை வேலை உறுதியான பிறகு மட்டும் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் ஆப் எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற உதவி எண்ணை அழையுங்கள். சைபர் குற்றங்களுக்கான மத்திய அரசின் இணையதளத்திலும் புகார் தரலாம். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அதை வங்கி மூலம் முடக்க முயல்வார்கள். கும்பல் அதை வேறு கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் புகார் போய்ச் சேர வேண்டும். பரிவர்த்தனை எண், தேதி, நேரம், எதிராளியின் யு.பி.ஐ. முகவரி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கோபத்தில் சாட் பதிவை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம். "போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் கொடுங்கள்" என்று வருகிறவரையும் நம்பாதீர்கள். அது இரண்டாவது சுற்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஏமாந்த பிள்ளைகள் பலர், வீட்டில் திட்டுவார்கள் என்று பயந்தே ஒரு நாள், இரண்டு நாள் வாயைத் திறப்பதில்லை. அந்த இரண்டு நாளில் பணம் கைமாறிக் காணாமல் போகிறது. உங்கள் மகனோ மகளோ தயங்கித் தயங்கி வந்து சொன்னால், முதலில் 1930-க்குப் போன் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.