சட்டகமும் கட்டுப்பாடும்

அளவியல் வெண்பா ஒன்றைக் கையிலெடுத்து, இஃது இலக்கணம் வழுவாததோ என்று ஆராயப் புகுவார் இருவகை ஆராய்ச்சி செய்வர். அடிகள் நான்குளவா, முதன்மூன்றும் நாற்சீராயும் ஈற்றடி முச்சீராயும் நிற்கின்றனவா என்று எண்ணிக் காண்பது ஒன்று. நின்றசீரும் வருஞ்சீரும் மாமுன் நிரையாகவும், விளமுன் நேராகவும், காய்முன் நேராகவும் பொருந்துகின்றனவா என்று நோக்குவது மற்றொன்று. முன்னது பாவின் சட்டகம்; பின்னது அச்சட்டகத்தின்மேல் விதித்த கட்டுப்பாடு. யாப்பருங்கலக்காரிகை தளையையும் சீர், அடிகளோடு ஒருங்கே உறுப்பென எண்ணுகின்றது. ஆயினும் அஃது ஏனைய உறுப்புக்களைப் போன்றதன்று. அசை சீருள் அடங்கும். சீர் அடியுள் அடங்கும். அடி பாவுள் அடங்கும். தளையோ ஒன்றனுள்ளும் அடங்காது இரண்டற்கு இடையே நிற்பது. முதலடியின் இறுதிச் சீரையும் இரண்டாமடியின் முதற்சீரையும் அடியெல்லை கடந்து பிணிப்பது.

இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டார்க்கு, கணிப்பொறியில் நூல்களைப் பதித்துவைக்கும் எக்ஸ்.எம்.எல். முறையைப் பற்றிய ஒரு செய்தி எளிதில் விளங்கும். 1998ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளிவந்த அம்முறையில், நூலின் ஒவ்வொரு பகுதியும் தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் பெற்று, ஒன்றனுள் ஒன்றாய் அடங்கி நிற்கும். எவ்வுறுப்பினுள் எவ்வுறுப்பு, எவ்வரிசையில், எத்துணை முறை வரலாமென முன்னரே எழுதிவைக்கும் இலக்கணத்திற்கு ஸ்கீமா என்று பெயர். ஜேம்ஸ் கிளார்க்கும் முராத்தா மாக்கோத்தோவும் 2001இல் அமைத்த ரிலாக்ஸ் என்.ஜி. இவ்வடக்கத்தைச் சொல்வதில் மிக்க தெளிவுடையது. ரிக் ஜெலிஃப் என்பார் 1999இல் வகுத்த ஸ்கீமட்ரானோ, 'இவ்விடத்தில் இஃதிருப்பின் அவ்விடத்தில் அஃதிருத்தல் வேண்டும்' என்பன போன்ற கட்டுப்பாடுகளைத் தனித்தனியே உரைப்பது. இவ்விரண்டையும் கலந்தெழுதலாமா, வேறுவேறாக வைத்தல் வேண்டுமா என்பதே ஈண்டு வினா. வேறாக வைத்தலே தக்கதென்பது எமது துணிபு.

சான்றிற்கு எம் நாட்டுச் சொற்களையே எடுத்துக்கொள்வோம். கோவிற்பட்டியை அடுத்த இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களுக்கென ஓர் அகராதியை 1982இல் வெளியிட்டார். பசுவந்தனையைச் சேர்ந்த மாணவனொருவன் அவ்வழியைப் பின்பற்றிச் சுற்றுப்புற ஊர்களிற் சொற்றொகுத்து, எக்ஸ்.எம்.எல். முறையிற் பதிவதாகக் கொள்க. ஒவ்வொரு பதிவிலும் தலைச்சொல், இலக்கண வகை, பொருள், கேட்ட ஊர், ஒப்புநோக்கும் சொல் என்னும் உறுப்புக்கள் வரும். இது சட்டகம்.

'கம்மாய்' என்னும் பதிவு 'கண்மாய்' காண்க என்று சொல்லுமாயின், 'கண்மாய்' என்றொரு தலைச்சொல் அகராதியில் எங்கேனும் இருந்தே தீரல்வேண்டும். பருத்திச் செடியின் காய்ந்த தண்டைக் குறிக்கும் 'மார்' ஒன்று, மார்பைக் குறிக்கும் 'மார்' ஒன்று என இரண்டு வந்தால், அவற்றிற்கு வெவ்வேறு எண் வேண்டும். இவை தளையை ஒத்தன. ஒரு பதிவினுள் எது அடங்குமென்று கூறும் இலக்கணத்தினுள் இவற்றை வலிந்து புகுத்தினால் அவ்விலக்கணமே கலங்கிப்போம்.

அதனினும் பெரியதோர் இடரும் உண்டு. நூலறிவு மிக்க தொகுப்பாசிரியர் ஒருவர், பொருள் எழுதாத பதிவு ஆகாது, இலக்கிய மேற்கோள் இல்லாத சொல் ஆகாது என்னும் தம் விதிகளைச் சட்டகத்திலேயே பொறித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கமலை கட்டி நீரிறைத்த நாட்களை நினைவுகூரும் முதியாள் ஒருத்தியின் வாயில் ஒரு சொல் வருகின்றது. பொருள் ஐயமாயுளது, மேற்கோளோ ஏட்டில் இல்லை. பொறி அப்பதிவை ஏலாது. மாணவன் சொல்லைக் கைவிடுவான். அன்றேல் பொறியின் வாயை அடைக்கப் பொய்ப்பொருள் ஒன்றை இட்டு நிரப்புவான். முன்னதினும் பின்னது கொடிது. விடுபட்ட சொல்லைப் பிறனொருவன் தேடி வரக்கூடும். அச்சேறிய பொய்ப்பொருளை ஐயுறுவார் அரியர்.

கட்டுப்பாடு தனியே நிற்குமாயின் இவ்விடர் இல்லை. ஸ்கீமட்ரான் தன் விதிகளைப் பருவம் பருவமாகப் பிரிக்க இடந்தருகின்றது. களத்திற் சொல் தேடும் பருவத்தில் சில விதிகளே இயங்கும். அச்சுக்குச் செல்லும் பருவத்தில் பொருளும் ஒப்புநோக்கும் முற்றும் சோதிக்கப்படும். சட்டகம் இரண்டிற்கும் ஒன்றே. மேலும், குறையைக் காட்டும் வாக்கியத்தை விதி வகுப்பாரே தம் மொழியில் எழுதலாம். "கண்மாய் என்னும் தலைச்சொல் இன்னும் பதியப்படவில்லை" என்று பொறி தமிழிற் கூறின், கணிப்பொறி நூல் கல்லாத தமிழாசிரியரும் உடனே திருத்திக்கொள்வர்.

இரண்டையும் ஒரே ஏட்டில் வைத்தல் வசதியென்பாரும் உளர். 2012இல் வந்த எக்ஸ்.எம்.எல். ஸ்கீமா 1.1 அவ்வாறே உறுதிமொழிகளைச் சட்டகத்துள் எழுத இடங்கொடுத்தது. ஓர் ஆண்டென்பது எண்ணாகவே இருத்தல் வேண்டும் என்பன போன்ற சிறு விதிகளுக்கு அது பொருந்தும். தொகுப்பார் மாறுந்தோறும் மாறும் விதிகளுக்குப் பொருந்தாது.

சட்டகத்திற் கட்டாயமாக வைக்கத்தக்கவை இவ்வகராதிக்கு இரண்டே: தலைச்சொல்லும், அதனைக் கேட்ட ஊரும். பொருளைப் பின்னர் யாரேனும் கூறலாம். மேற்கோளும் பின்னர்க் கிடைக்கலாம். எவ்வூரிற் கேட்டதென்பதைக் கேட்டவனன்றிப் பிறர் கூறவியலாது.