எளிய சாதனங்களால் ஹாக்கிப் பயிற்சி

பொன்முடி மலையின் அடிவாரத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில் அமைந்துள்ளது வித்துரா. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டும் இங்குப் பெய்கின்றன. செம்மண் ஆடுகளம் மழையில் சேறாகிறது. வெயிலில் காய்ந்தபின் மேடும் பள்ளமுமாகிறது. இத்தகைய ஊர்ப் பள்ளியொன்றில் வளைகோல் பந்தாட்டம் எனப்படும் ஹாக்கியைக் கற்பிக்க இயலுமா? இயலும். ஆனால் அதற்குரிய வழியைத் தெளிந்து மேற்கொள்ள வேண்டும்.

தரை மாறியது, ஆட்டமும் மாறியது

1928 முதல் 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் போட்டிகளில் இந்தியா ஹாக்கியில் தங்கம் வென்றது. அவ்வெற்றிகள் யாவும் புல்தரையில் பெற்றவை. 1976இல் மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரை விரிக்கப்பட்டது. இந்தியா ஏழாம் இடத்தையே பெற்றது. 1980இல் மாஸ்கோவில், தமிழகத்தைச் சேர்ந்த வி. பாஸ்கரன் தலைமையில் எட்டாவது தங்கம் கிடைத்தது. அதன் பின்னர் 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் வரை, 41 ஆண்டுகள், பதக்கம் ஏதும் கிட்டவில்லை.

இவ்வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் தரையும் ஒன்று. செயற்கைத் தரையில் பந்து விரைவாகவும் நேராகவும் ஓடுகிறது. கரடான மண்ணில் பழகியவர் பந்தை முதலில் நிறுத்தி, பின்னரே ஆடுவார்; செயற்கைத் தரையில் பழகியவரோ பந்தை ஏற்கும்போதே அடுத்த திசைக்குத் திருப்பிவிடுவார். ஒரு நொடியினும் குறைந்த இவ்வேறுபாடே ஆட்டத்தின் போக்கை மாற்றுகிறது. செயற்கைத் தரை அமைக்கப் பெருஞ்செலவாகும். ஒவ்வொரு பள்ளியும் அதற்காகக் காத்திருக்க இயலாது. எனினும் கையின் பழக்கத்தை எளிய சாதனங்களால் முன்கூட்டியே செம்மைப்படுத்தலாம்.

மட்டையைக் கையாளுதல்

ஹாக்கி மட்டையின் தட்டையான பக்கத்தாலோ அதன் விளிம்பாலோ மட்டுமே பந்தை ஆடலாம். ஆகவே பந்தை இடமும் வலமுமாகக் கடத்திச் செல்பவர் ஒவ்வொரு முறையும் மட்டையைத் திருப்ப வேண்டும். மட்டையின் உச்சியைப் பற்றியுள்ள இடக்கையே திருப்பும். கீழேயுள்ள வலக்கை தளர்ந்து வழிகாட்டும். தொடக்க மாணவர் வலக்கையை இறுகப் பற்றி, இரு கைகளாலும் முறுக்குவதே பெரும்பாலும் காணப்படும் பிழையாகும்.

இதனைத் திருத்த ஒரு சாண் நீளமுள்ள பிளாஸ்டிக் குழாய்த் துண்டு போதும். கைப்பிடி தடையின்றிச் சுழலும் அகலமுள்ள குழாயை மட்டையில் கோத்து, வலக்கையால் குழாயை மட்டும் பிடிக்கச் செய்ய வேண்டும். மட்டை குழாய்க்குள் சுழலும். இடக்கையின் பணி யாதென்பதை மாணவர் தம் கையாலேயே உணர்வர்.

மழைநாளில் பள்ளித் தாழ்வாரத்தின் சிமென்ட் தரையில் டென்னிஸ் பந்தைக் கொண்டு பழகலாம். ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. சற்றே அழுத்தினாலும் அது துள்ளி விலகுமாதலால் கை மென்மையைக் கற்கிறது. ஆனால் பந்தை அனுப்பும் பயிற்சிக்கு அது ஏற்றதன்று. விசையின் அளவு தவறாகப் பழகிவிடும்.

பார்வை பந்திலேயே பதிந்திருப்பது மற்றொரு குறை. எதிரே நிற்கும் தோழர் விரல்களைக் காட்ட, பந்தைக் கடத்துபவர் எண்ணைச் சொல்லிக்கொண்டே முன்னேற வேண்டும். இதற்குச் செலவே இல்லை.

பந்தை அனுப்புதலும் ஏற்றலும்

மணல் நிரப்பிய இரு பாட்டில்களை ஒரு மீட்டர் இடைவெளியில் நிறுத்தி, 10 மீட்டர் தொலைவிலிருந்து பத்துமுறை பந்தைத் தள்ளி அனுப்பச் செய்யலாம். எத்தனை முறை இடையே சென்றது என்பதை வாரந்தோறும் குறித்துவந்தால் முன்னேற்றம் புலப்படும்.

கனமான மரப்பலகையை நிலத்தில் செங்குத்தாக நிறுத்தி, பின்புறம் முளையடித்துவிட்டால் அது திருப்பு பலகையாகிறது. பலகை பின்னே சாய்ந்திருந்தால் பந்து மேலெழும்; ஆதலால் செங்குத்தாக நிற்பது முக்கியம். திரும்பி வரும் பந்தை நிறுத்தாமல், இடப்புறமோ வலப்புறமோ வைத்த அடையாளத்தை நோக்கி முதல் தொடுதலிலேயே நகர்த்த வேண்டும். செயற்கைத் தரைக்கு வேண்டிய பழக்கம் இதுவே. இப்பயிற்சியிலும் கால் காப்பு அணிதல் அவசியம்.

சாதனத்தின் எல்லை

பலகை பந்தை எப்போதும் ஒரே விதமாகத் திருப்பியனுப்பும். எதிராளி அவ்வாறு நடந்துகொள்ள மாட்டார். எப்போது அனுப்புவது, யாருக்கு அனுப்புவது என்பதைப் பலகையோ பாட்டிலோ கற்பிக்காது. எனவே ஒரு மணி நேரப் பயிற்சியில் சாதனங்களுக்கு 20 நிமிடம் போதும். பின்னர் இருவருக்கு ஒருவர் எதிராக நிற்கும் சிறு ஆட்டங்களில் அத்திறனைச் சோதிக்க வேண்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே அமைந்துள்ள ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியில் 2000ஆம் ஆண்டில் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ் ஓட்டம், நீளந்தாண்டுதல், கைப்பந்து ஆகியவற்றில் ஈடுபட்ட பின்னரே ஹாக்கி இலக்குக் காவலரானார். 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒலிம்பிக் வெண்கலம் வென்ற அணிகளில் அவர் இடம்பெற்றார். சிறுவயதில் திறனைக் கண்டறிந்து வழிகாட்டும் ஆசிரியரின் பங்கு இதனால் விளங்கும்.

ஊராட்சியும் பள்ளியும் இணைந்தால் குழாய்த் துண்டு, பலகை, பாட்டில்கள் ஆகியவற்றை ஒரே வாரத்தில் திரட்டிவிடலாம். செயற்கைத் தரை பின்னர் வரட்டும். அது வரும்போது அதில் ஆடத் தகுந்த கைகள் அணியமாக இருத்தல் வேண்டும்.